‘த்’ இல்லாத கல்

என் அன்புக்குரிய எஞ்சினியர் ஐயாவுக்கு,

ஊர் உங்களை அழைத்த பெயரால்தான் நானும் தொடங்குகிறேன். வீட்டில் இத்தனை வருஷமும் ‘இஞ்சாருங்க’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி நான் உங்களைக் கூப்பிட்டதில்லை. அதை ஒரு கடிதத்தின் தலையில் எழுத, கொன்வென்றில் எனக்குக் கடிதம் எழுதப் பழக்கிய சிஸ்டர் விடமாட்டார். அவர் செத்து எவ்வளவோ காலம். இன்னும் விடமாட்டார்.

பல்கலைக்கழக ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு குறிப்புக் கேட்டார்கள். பிறந்தார், படித்தார், கட்டினார் என்று எழுத எனக்கு மனமில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. உங்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் சந்தையில் கதைக்கிறவர்களுக்கும் முழுவதும் தெரியத்தான் வேண்டும்.

சங்கதி இதுதான். வளாகத்தில் உங்கள் பெயரில் ஒரு மண்டபம் எழும்ப இருந்தது. வேண்டாம் என்று சொன்னவள் நான்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். முதலில் கேளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடி நாலு வருஷமாகிறது. சண்டை முடியவில்லை. பஸ் இன்னும் செங்கலடிச் சந்திக்கு முன்னால் நிற்கிறது. நாங்கள் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடந்து நடக்கிறோம். அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏறுகிறோம். போன மாதம் ஒரு சிப்பாய் என் குடையை விரித்து உள்ளே பார்த்தான். “கம்பி ஒண்டு முறிஞ்சிரிக்கி தம்பி, பாத்தது பாத்தீங்க, திருத்தித் தாங்களன்” என்றேன். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தான்.

நான் ஏன் அந்தப் பஸ்ஸில் போகிறேன் என்று யோசிப்பீர்கள். பல்கலைக்கழகத்தின் பேரவையில் என்னை வெளி உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் என்பதாலா, கட்டட எஞ்சினியரின் மனைவி என்பதாலா என்று நான் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வரும் பத்திரங்களை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவள் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. என் பக்கத்துக் கதிரை ஏறாவூர் காசிம் ஹாஜியாருக்கு. “டீச்சர் வந்தா எனக்கு வாசிக்கிற வேலை மிச்சம்” என்று சொல்லிக்கொண்டு தன் பத்திரக் கட்டை விசிறியாகப் பாவிக்கிறார்.

மண்டபப் பேச்சைத் தொடக்கியவர் துணைவேந்தர். நல்ல மனிதர். தானே வீட்டுக்கு வந்தார். “டீச்சர், ஐயா படம் கீறி வச்ச மண்டபத்தை இந்த வருசம் கட்டுவமெண்டு நினைக்கன். அவர்ர பேரிலதான்” என்றார். தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனவள் சீனிப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்கப் போவதில்லை. பட்டமளிப்பு, நாடகம், பெரிய கூட்டம் எல்லாம் உங்கள் பெயருக்குக் கீழே நடக்கும். அடிக்கல் நாட்டும் நாளுக்கு எந்தச் சேலை என்று அன்று பின்னேரமே அலுமாரியைத் திறந்து பார்த்தேன். நீங்கள் கும்பகோணம் போனபோது வாங்கி வந்த மயில்கழுத்து நிறச் சேலை.

அவர்கள் அவசரப்பட்டுக் கல்லையும் வெட்டுவித்துவிட்டார்கள். என்னைக் காட்டக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கல், பொன் எழுத்து. ‘எஞ்சினியர் செல்லதுரை ஞாபகார்த்த மண்டபம்.’ நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தேன். ‘த்’ இல்லை. செல்லத்துரைக்கு ‘த்’ இல்லாவிட்டால் அது என்ன பெயர்? “ஒரெழுத்துத்தானே அம்மா, ஆருக்கு விளங்கப்போகுது” என்றான் கல் வெட்டியவன். “எனக்கு விளங்கிற்றுத்தானே” என்றேன். வேறு கல் வெட்டச் சொல்லிவிட்டு வந்தேன். ‘த்’ இல்லாத கல் வேலைப் பகுதிக் கொட்டிலில் சுவரில் சாய்ந்து நின்றது.

இது நடந்த அடுத்த கிழமை, பேரவைப் பத்திரங்கள் வந்தன. அதற்குள் சீனித்தம்பி ஓவசியரின் தாள் ஒன்று இருந்தது. உங்கள் கட்டட வேலைகளை மேற்பார்த்த அதே சீனித்தம்பிதான்; இன்னும் ஓய்வுபெற மறுத்துக்கொண்டு, உங்களுடைய அளவு நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார்.

நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு பகுதியிலும் உள்ள வெற்றிடங்களின் விபரத்தை உடனே அனுப்பும்படி பதிவாளர் அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. எந்தெந்த வேலைக்கு ஆள் இல்லை என்பதுதான் கேள்வி. சீனித்தம்பி தன் காலம் முழுக்க நிலமும் சுவரும் அளந்தவர். அவருக்கு வெற்றிடம் என்றால் வெறுமையாகக் கிடக்கிற இடம். நாடாவை எடுத்துக்கொண்டு வளாகம் முழுவதும் நடந்து, ஆள் புழங்காத ஒவ்வோர் அறையையும் நீள அகலம் அளந்து, வெற்றிடத்துக்குக் காரணம் என்ற கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பி, கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார். தட்டச்சு செய்த பிள்ளை பார்க்காமல் அடித்திருக்கிறது. அது அப்படியே பேரவைக்கு வந்துவிட்டது.

உங்கள் மரண அறிவித்தலில் ‘ஈடுசெய்ய முடியாத வெற்றிடம்’ என்று போட்டிருந்தார்கள், அது உங்களுக்குத் தெரியாது. எனக்கு அப்போதே அந்தச் சொல் பிடிக்கவில்லை. வெற்றிடம் என்றால் விளம்பரம் போட்டு ஆள் எடுக்கவேண்டும் அல்லவா? ஆகவே ‘வெற்றிடங்கள்’ என்று அந்தத் தாளின் தலைப்பைக் கண்டவுடனேயே பேனையைத் திறந்துகொண்டுதான் வாசிக்க உட்கார்ந்தேன்.

உங்களுக்காகச் சில வரிகளைப் பார்த்து எழுதுகிறேன். ‘விலங்கியல் மேல்மாடி ஆய்வுகூடம். பூட்டு. படிப்பித்த தம்பி கனடா. வௌவால்.’ ‘மொழிக் கூடம். பூட்டு. கேட்கிற கருவி எல்லாம் பெட்டியோடு. பெட்டி பிரிக்கத் தெரிந்த ஆள் இல்லை.’ ‘விரிவுரை அறை, தென்மேற்கு மூலை. பூட்டில்லை, கதவுமில்லை. சீமெந்து மூட்டை கல்லாகிவிட்டது.’ இப்படி இரண்டு பக்கம். எல்லாம் நீங்கள் கட்டிய அறைகள். பாஸ் எடுத்து, ஒவ்வொரு மூட்டைச் சீமெந்துக்கும் ஆமி முகாம் வாசலில் காத்து நின்று கட்டிய அறைகள்.

நான் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. பேனையை மூடிவைத்தேன்.

கட்டடமா ஆளா முக்கியம் என்று நாங்கள் இரண்டு பேரும் எத்தனை தரம் பிடுங்குப்பட்டிருக்கிறோம். “ஆக்கள் போயிருவாங்க பாக்கியம். கட்டடம் இவடத்தையே கிடக்கும்” என்பீர்கள். “கிடக்கும், கிடக்கும், வௌவாலோட” என்பேன் நான். வாய்க்கு வந்த பகிடியாகத்தான் சொன்னேன். அது ஒருநாள் தட்டச்சில் வந்து என் மேசையில் கிடக்கும் என்று நினைக்கவில்லை. நீங்கள் சொன்னதும் பிழையில்லை. வெள்ளம் வந்தபோதும் சண்டை வந்தபோதும் சனம் ஓடிவந்து படுத்தது உங்கள் கூரைகளுக்குக் கீழேதான். அதை மறந்தால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் சனம் திரும்பிப் போனபிறகு அந்தக் கூரைக்குக் கீழே ஆர் நின்று படிப்பிப்பது?

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் வளாகத்துக்குப் போனேன். சீனித்தம்பி என்னை விலங்கியல் மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். பாதிப் படியில், கீழ் அறையில் இரைந்து பாடம் நடத்தும் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. தொண்டை கட்டிப்போன குரல். நிர்மலா, விலங்கியல் உதவி விரிவுரையாளர். பனிச்சங்கேணிப் பிள்ளை, தகப்பன் வாவியில் வலை போடுகிறவர். மூன்று பேர் படிப்பிக்க வேண்டியதை இவள் ஒருத்தி படிப்பிக்கிறாள். பாடம் முடித்து வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாவி இறாலைப் பற்றி மேற்படிப்புப் படிக்க வெளிநாட்டில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் விட்டால்தான் போகலாம். இந்த வருஷம் விடாவிட்டால் அந்த இடம் போய்விடும்.

“விடுவாங்களா?” என்று கேட்டேன்.

“எப்பிடி விடுற டீச்சர்? நான் போனா இஞ்ச படிப்பிக்க ஆள் இல்ல. கண்டியால வாற பேராசிரியர் இரிக்கார், அவர் பதினொரு மணிக்கு வந்து பாதை பூட்ட முன்னம் கண்டிக்குக் கிறுகிப் போகணும். தங்க ஒரு இடம் தந்தா ஒரு கிழமை நிண்டு படிப்பிப்பன் எண்டு அவரே சொல்லுறார்.”

“விடாட்டி?”

“விடாட்டி என்ன, சீனித்தம்பியண்ணர்ர தாளில நானும் ஒரு வரி. பூட்டு. படிப்பிச்ச புள்ள கனடா. என்ட தமையன் அங்க வா வா எண்டு நிக்கார்.”

சீனித்தம்பி தாடையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

“விட்டா, படிச்சிற்றுத் திரும்பி வருவியா?”

அவள் ஓம் என்று தலையாட்டிவிடவில்லை. அது எனக்குப் பிடித்தது. “வந்து எங்க இருக்கிற டீச்சர்? இப்பவே ஒரு அறையில மூண்டு பேர் படுக்கம். ஊரிலயிரிந்து நாளாந்தம் வர ஏலாது, எப்ப பாதை மூடுவாங்கெண்டு தெரியா. வருவன் எண்டுதான் மனசு சொல்லுது. ஆனா சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க.”

அன்று வீட்டுக்கு வந்து, துணைவேந்தருக்குக் கொடுக்கவென்று எடுத்து வைத்திருந்த உங்கள் மண்டப வரைபடச் சுருளை மேசையில் விரித்தேன். ஏன் விரித்தேன் என்று தெரியவில்லை. உங்களோடு கதைக்க வேறு வழி இருக்கவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டு தூண், உயர்ந்த முகப்பு. அழகுதான். சுருளின் உள்வயிற்றில் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. சின்னத் தாள். ஆறு வீடுகள் ஒரே வரிசையில், நடுவில் பொதுக் கிணறு. மூலையில் உங்கள் பென்சில் எழுத்து: ‘படிப்பிக்கிற ஆக்களுக்கு.’ அதற்குக் கீழே இன்னும் சின்னதாக: ‘குசினி யன்னல் பெரிதாக, கிழக்கே. பாக்கியம் சொன்னது.’

இதை எப்போது கீறினீர்கள்? ஏன் எனக்குக் காட்டவில்லை? காட்டினால் நான் வென்றுவிட்டேன் என்று மூன்று நாள் நிமிர்ந்து நடப்பேன் என்றா? நடந்திருப்பேன்தான். மூன்று நாளோடு விட்டிருக்கவும் மாட்டேன். ஆனாலும் நீங்கள் காட்டியிருக்கலாம்.

கூட்டத்தில் சீனித்தம்பியின் தாள் வந்தபோது சிரிப்பு எழும்பியது. “வௌவாலுக்கும் ஆளணியில வேலை கேட்டிருக்கார் ஓவசியர்” என்றார் ஹாஜியார், என் தாளை எட்டிப் பார்த்து. பிழையாக வந்த தாளை நீக்கிவிடுவோம் என்றார் பதிவாளர். நான் எழுந்து, நீக்க முன்னர் ஒருமுறை வாசிக்க அனுமதி கேட்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடுவது போல வாசித்தேன். முதல் பக்கம் முடிய முன்னமே சிரிப்பு நின்றுவிட்டது. ஹாஜியார் விசிறுவதை நிறுத்திவிட்டுத் தன் தாளைத் தேடினார்.

பிறகு சொன்னேன், மண்டபம் இப்போது வேண்டாம், படிப்பிக்க ஆளைப் பாருங்கள், நிர்மலாவைப் படிக்க அனுப்புங்கள் என்று.

துணைவேந்தர் மெதுவாகத்தான் பேசினார். “டீச்சர், இந்தக் காசு கட்டத்தான் தாறாங்க. ஆளுக்குச் சம்பளமாக் குடுக்க ஏலாது. கட்டாட்டித் திரும்பிப் போயிரும். அதோட, நாங்க படிக்க அனுப்பினவங்களில எத்தினை பேர் வந்தாங்க? நான் அனுப்பிற்று அனுப்பிற்று வழி பாத்தது உங்களுக்குத் தெரியாது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த மனிதரின் களைப்பு எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“கட்டத்தான் காசெண்டா கட்டுவம் சேர்” என்றேன். “ஆள் இரிக்க வீட்டைக் கட்டுவம். கண்டிப் பேராசிரியர் அதில ஒரு கிழமை நிக்கட்டும். அவர் நிண்டா அந்தப் புள்ளையை அனுப்பலாம். திரும்பி வந்தா அதுக்கும் வந்து இரிக்க ஒரு கதவு இரிக்கும். வழி பாக்கிறவங்க விளக்காவது ஏத்தி வைக்கத்தானே வேணும்.” உங்கள் சின்னத் தாளை மேசையில் வைத்தேன். “இதுவும் அவர் கீறினதுதான்.”

தாள் ஒவ்வொரு கையாகப் போயிற்று. குசினி யன்னல் வரியையும் எல்லோரும் வாசித்திருப்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“அப்ப ஐயாட பேர்?” என்று கேட்டார் துணைவேந்தர். அந்தக் கேள்வி நெஞ்சில் பட்டது. அதை அவர் நல்ல மனதோடு கேட்டதால் இன்னும் பட்டது.

“அவர்ர பேருக்கு அவசரமில்ல சேர்” என்றேன். “அவர் இனி எங்கயும் போகமாட்டார். அந்தப் புள்ள போயிரும்.”

ஆறு வீடு கேட்டேன். மூன்று கிடைத்தது. மிச்சத்தில் பூட்டிக் கிடக்கும் அறைகளுக்குக் கதவும் கூரையும் திருத்துகிறார்கள். நிர்மலாவுக்கு விடுமுறை கொடுக்கச் சம்மதித்தார்கள்; ஹாஜியார்தான் முதலில் கையை உயர்த்தியவர். கைப்பையில் குடை இருந்ததையும் மறந்து, பஸ் வரும் வரைக்கும் வெயிலில் நின்றேன். வீட்டுக்கு வந்து மயில்கழுத்துச் சேலையை மடித்து உள்ளே வைத்தேன். அன்று கொஞ்சம் அழுதேன். உங்களுக்கு மட்டும் சொல்லியிருப்பேன். மலரில் போடுவதால் எல்லோருக்கும் தெரியப்போகிறது. தெரியட்டும்.

ஊரில் கதை வேறு மாதிரி. “புருசன்ட பேரைத் தன்ட கையாலயே வெட்டிற்றா” என்று கோயிலடியில் ஒருத்தி சொன்னாளாம். என் காதில் விழட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தை அவளும் வாசிப்பாள்.

வீடுகளுக்கு அத்திவாரம் போடும்போது சீனித்தம்பி வந்தார். “அம்மா, கொட்டிலுக்குள்ள அந்தக் கல் நிக்கி. வெட்டினவன் எடுக்கமாட்டானாம். என்ன செய்ற?”

“முதல் வீட்டுக் குசினி வாசலுக்குப் படி வேணும்தானே. எழுத்துப் பக்கத்தைக் கவுத்துப் போடுங்க.”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “ஐயாட பேரை மிதிக்கச் சொல்லுறீங்களா? என்னால ஏலாது அம்மா.”

“அதில எழுதியிரிக்கிறது ஐயாட பேரில்ல, சீனித்தம்பி. ஐயா செல்லத்துரை. அது ஆரோ செல்லதுரை. எங்களுக்குத் தெரியாத ஆள்.”

‘த்’ என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

கல் இப்போது அங்கே கிடக்கிறது, மழமழவென்று. கண்டிப் பேராசிரியர் அந்தப் படியில் உட்கார்ந்துதான் பத்திரிகை வாசிக்கிறார். குசினி யன்னலால் காலை வெயில் அடுப்பு வரைக்கும் வருகிறது. நான் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குசினிக்கு இப்படியொரு யன்னலை ஏன் வைக்கவில்லை என்று கேட்க நீங்கள் இல்லை. விலங்கியல் மேல்மாடியைத் திறந்துவிட்டார்கள். சீனித்தம்பி தன் தாளில் அந்த வரியை வெட்டிவிட்டு, பக்கத்தில் ‘வௌவால் வெளியேற்றப்பட்டது’ என்று எழுதி எனக்குக் கொண்டுவந்து காட்டினார். இன்னும் பல வரிகள் வெட்டப்படாமல் இருக்கின்றன.

நிர்மலா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு எழுதுகிறாள். எழுத்துப் பிழைகளைச் சிவப்பில் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்புகிறேன். கோபிக்காமல் அடுத்த கடிதம் போடுகிறாள். அங்கே ஒரே குளிராம், இறாலுக்கு உருசியே இல்லையாம். போன கடிதத்தின் அடியில், மூன்று வீட்டில் எந்த வீட்டுக்குக் கிணற்றடி கிட்ட என்று கேட்டிருந்தாள். வருகிறேன் என்று எழுதவில்லை. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. கிணற்றடியை ஏன் கேட்கிறாள்? நீங்கள் இருந்தால், நான் வீணாக வரிகளுக்கு இடையில் வாசிக்கிறேன் என்பீர்கள். இருக்கட்டும். நடு வீடு என்று பதில் போட்டிருக்கிறேன்.

உங்கள் மண்டபச் சுருளைக் கறையான் அண்டாமல் வேப்பிலை வைத்து, துணி சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் அந்தச் சேலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சீனித்தம்பியின் தாளில் கடைசி வரியும் வெட்டுப்பட்டு, படிப்பிக்கிறவர்களும் படிக்கிறவர்களும் கூடிப்போய், பட்டமளிப்புக்கு இடம் காணாது என்று ஒருநாள் என் வாசலுக்கு வருவார்கள். அன்றைக்குச் சுருளை நானே எடுத்துக் கொடுப்பேன். நான் இல்லாவிட்டால் எங்கே இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கல்லும் புதிதாக வெட்டுவிப்போம். வெட்ட முன்னர் எழுத்தைத் தாளில் எழுதி என்னிடம் காட்டவேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டேன். ‘த்’ இல்லாமல் உங்களை ஒருநாளும் நிற்க விடமாட்டேன், இது என் வாக்கு.

இப்படிக்கு,
இந்த ஒரு வாதத்திலாவது வென்ற
உங்கள் மனைவி,
பாக்கியம் செல்லத்துரை